ஏ பக்கம் ஒயேசிஸ், பி பக்கம் பிளர்: விற்பனைக் கணக்கு எதை அளக்கிறது?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில் அந்த நாளில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெறும் கசெற்றையும் பாட்டுகளின் பெயர் எழுதிய துண்டையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். 1995 முடியும் நேரம், நானும் மச்சானும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு 90 நிமிடக் கசெற் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஏ பக்கம் பிரிட்டிஷ் ரொக் குழுவான ஒயேசிஸின் புது அல்பம், அது அவனுக்கு. பி பக்கம் அவர்களின் போட்டிக் குழுவான பிளர், அது எனக்கு. ஒரு பக்கத்தில் 45 நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் பிடிக்கும். ஒயேசிஸின் அல்பம் 50 நிமிடம். கடைசிப் பாட்டு நடுவில் அறுந்தது. பிளரின் அல்பம் ஏறக்குறைய 57 நிமிடம். கடைசி இரண்டு பாட்டும் ஏறவே இல்லை. "உன்ர ஆக்களுக்கு எங்க நிப்பாட்டுறதெண்டும் தெரியாது" என்று மச்சான் சிரித்தான்.

எந்தக் குழு திறம் என்ற சண்டை எங்களுக்குள் வருடக்கணக்கில் நடந்தது. வாய்ச்சண்டை முற்றும்போது அவன் ஒரு எண்ணை எடுத்து நடுவில் போடுவான். இத்தனை லட்சம் விற்றிருக்கு, இனி என்ன கதை? அந்த எண் பொய்யில்லை. ஆனால் அரிசி அளக்கிற கொத்தைக் கொண்டுவந்து துணி அளந்தால் கொத்திலும் பிழையில்லை, துணியிலும் பிழையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அந்தக் கசெற்றால் இரண்டு குழுவுக்கும் கிடைத்த விற்பனை பூச்சியம்.

அந்தச் சண்டை பிரிட்டனில் எப்படி மூண்டது என்பதிலிருந்தே விஷயம் தெரியத் தொடங்கும். 1995 ஆகஸ்ட் 14ஆம் திகதி பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஒயேசிஸின் 'ரோல் வித் இட்' என்ற இரண்டு சிங்கிளும் (அல்பத்துக்கு முன் தனியாக விற்கும் பாட்டு) ஒரே நாளில் கடைக்கு வந்தன. தற்செயலாக நடந்ததில்லை, பிளர் தரப்பு தன் வெளியீட்டு நாளை நகர்த்திக் கொண்டுவந்து மோதியது. தெற்கின் படித்த நடுத்தர வர்க்கத்துப் பெடியள் ஒரு பக்கம், மான்செஸ்டர் தொழிலாளர் வீட்டு அண்ணன் தம்பி மறுபக்கம் என்று பத்திரிகைகள் கதை கட்டின. தொலைக்காட்சிச் செய்திவரைக்கும் அது போனது. (ஏப்ரலில் இங்கே யுத்தம் திரும்பத் தொடங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் அந்த மாதம் பேசப்பட்ட எண்கள் வேறு.) வாரக் கடைசியில் பிளருக்குச் சுமார் 274,000, ஒயேசிஸுக்குச் சுமார் 216,000. பிளர் முதலிடம்.

இப்போது உள்ளே பாருங்கள். பிளரின் சீடி இரண்டு விதமாக வந்தது. முதன்மைப் பாட்டு ஒன்றே, கூட வரும் பாட்டுகள் வேறு. பைத்தியமான ரசிகன் இரண்டையும் வாங்குவான், கணக்கில் இரண்டு ஏறும். விலையும் 1.99 பவுண்; ஒயேசிஸின் சீடி 3.99. ஒயேசிஸ் பக்கத்தார் தங்கள் உறையின் பார்கோட்டில் கோளாறு, அதனால் பல பிரதிகள் பதிவாகவில்லை என்றார்கள். இதில் எந்த வரியிலாவது பாட்டைப் பற்றி ஏதும் இருக்கிறதா? விலை, உறை, பார்கோட், நாள். இரண்டு பாட்டுமே அந்தக் குழுக்களின் சிறந்த பாட்டுகளில் சேராது என்பதில் இன்றைக்கு இரண்டு பக்கத்து ரசிகர்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் மேசை கவிழ்ந்தது. செப்டெம்பரில் பிளரின் அல்பம், ஒக்டோபரில் ஒயேசிஸின் அல்பம். ஒயேசிஸ் அல்பம் உலகம் முழுக்க 20 மில்லியனைத் தாண்டியது. பிளர் அதற்குக் கிட்டவும் வரவில்லை. 1996 ஆகஸ்டில் நெப்வேர்த் மைதானத்தில் இரண்டு இரவில் இரண்டரை லட்சம் பேர் ஒயேசிஸுக்காகக் கூடினார்கள். எண்ணை நம்பினால் 1995 ஆகஸ்டில் பிளர் திறம், 1996 ஆகஸ்டில் ஒயேசிஸ் திறம். நானும் மச்சானும் ஆளுக்கு வசதியான மாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இதைவிட வேடிக்கை விமர்சகர்கள் செய்தது. வந்த புதிதில் பிளரின் அல்பத்தைத்தான் தூக்கி வைத்தார்கள்; ஒயேசிஸுடையதைப் பற்றி அரை மனதோடு எழுதினார்கள். விற்பனை ஏற ஏறத் தீர்ப்பு மாறியது. பின்னாளில் பிளரின் பாடகர் டேமன் அல்பார்னே தன்னுடைய மோசமான அல்பங்களில் ஒன்றாக அந்த பிளர் அல்பத்தைச் சொன்னார். தரம் வேறு, விற்பனை வேறு என்று பிரித்துப் பேசுகிறோம். ஆனால் தரத்தைப் பற்றிய எங்கள் தீர்ப்பே விற்பனையின் நிழலில் நின்றுதான் எழுதப்படுகிறது.

எண்ணும் முறையையும் நம்பக்கூடாத காலம் இருந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் சஞ்சிகை போடும் அல்ப விற்பனைப் பட்டியல் 1991 மே மாதம்வரை கடைக்காரர்களைக் கேட்டுத் தயாரானது. எது நன்றாகப் போகிறது என்று கடையில் நிற்பவர் சொல்வார். மிச்சம் கிடக்கும் தட்டைத் தள்ளிவிட விரும்பினால் அதன் பெயரையும் சொல்வார். அந்த மே மாதத்தில் சவுண்ட்ஸ்கேன் என்ற கணக்கு முறை வந்தது. காசாளரின் மேசையில் பார்கோட்டை வாசித்து உண்மையாக விற்றதை மட்டும் எண்ணியது. சில வாரத்திலேயே பட்டியலின் முகம் மாறிவிட்டது. அதுவரை ஓரத்தில் கிடந்ததாக நினைத்த ரப், கன்ட்ரி, ஹெவி மெட்டல் எல்லாம் நேரே உச்சியில் வந்து குந்தின. ரசிகர்களின் ரசனை ஒரு மாதத்தில் மாறவில்லை, தராசு மாறியது. அதற்கு முன் 'பட்டியலில் ஏறாத குழு' என்று ஒதுக்கப்பட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கொழும்பில் இருப்பவருக்கு இது புதுக் கதை இல்லை. தென்னாசியாவின் முதல் பெரிய பாட்டு வரிசை ஒலித்ததே இங்கிருந்துதான். 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுகளை நிறுத்தினார். அதே ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில், பினாக்கா பற்பசையின் விளம்பரத்தோடு, 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்து அனுப்ப, கொழும்பிலிருந்து அது ஒலிபரப்பாகும். இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்து வரிசை போட்டார்கள். விற்பனையை மட்டும் வைத்துக்கொண்டால் சரிவராது என்று ஒரு பற்பசை விளம்பரக்காரருக்கே அன்றைக்குத் தெரிந்திருந்தது! அந்தப் பாட்டுகள் கண்டம் முழுக்க ஒலித்ததற்கு இன்னொரு காரணம் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் இருந்த ஒலிபரப்புக் கருவிகள். உலக யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டனின் படைத்தலைமைக்காக நிறுவப்பட்டவை அவை. எங்கள் தமிழ் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் கேட்டதற்கும் அதே கருவிகள்தான் துணை. குரல் நல்லது, கோபுரமும் உயரம்.

கோபுரம் என்ன செய்யும் என்பதற்கு ரொக் உலகத்தில் நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கன்ஸ் அன்ட் ரோசஸின் முதல் அல்பம். 1987 ஜூலையில் வந்தது. மாதக்கணக்கில் மந்தமாகக் கிடந்தது. பாட்டு வீடியோ போடும் தொலைக்காட்சியான எம்டிவி அவர்களின் வீடியோவைப் போட மறுத்தது. அவர்களின் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் டேவிட் கெஃபன் நேரில் பேசிக் கேட்ட பிறகு, ஒரு ஞாயிறு விடியப்புறம் ஊர் தூங்கும் நேரத்தில் ஒரு தரம் போட்டார்கள். தொலைபேசி ஓயவில்லை என்று கதை. 1988 ஆகஸ்டில், வெளிவந்து ஓராண்டுக்கு மேலான பின், அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. 1987 டிசெம்பரில் என் மச்சானைப் போன்ற ஒருவன் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் 'சுமார்' என்றிருப்பான். அதற்குப் பிறகு அந்த நாடாவில் ஒரு சுரமும் மாறவில்லை.

இந்த இடத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்வி: கடைசியில் நல்லது வென்றதுதானே? பாட்டு மோசமாக இருந்திருந்தால் எம்டிவி நூறு தரம் போட்டிருந்தாலும் எடுபட்டிருக்குமா? நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

மத்தேயு சல்கானிக், பீற்றர் டொட்ஸ், டன்கன் வாட்ஸ் என்ற மூன்று சமூகவியல் ஆய்வாளர்கள் 2006இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு அது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள், பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம். வந்தவர்களைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு தொகுதிக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டு 'உலகங்களில்' ஒன்றுக்குள் போவார்கள்; அந்த உலகத்தில் தங்களுக்கு முன் வந்தவர்கள் எதை எத்தனை தரம் இறக்கினார்கள் என்ற எண்ணும் அவர்களுக்குத் தெரியும். எட்டு உலகமும் பூச்சியத்திலிருந்து தொடங்கின. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. ஒரே 48 பாட்டுக்கு வரலாற்றை எட்டுத் தரம் ஓடவிட்டுப் பார்த்தது போல.

தரம் நேராக வெற்றியைக் கொடுக்குமானால் எட்டு உலகத்திலும் ஒரே பாட்டுகள் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எண் தெரியாத தொகுதியில் 26ஆம் இடத்தில், அதாவது நட்ட நடுவில் நின்ற ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்குப் போனது. ஆரம்பத்தில் வந்த சிலர் எதை இறக்கினார்கள் என்ற சின்னத் தற்செயல், பின்னால் வந்தவர்களை இழுத்துக்கொண்டு போனது. பாட்டுகளை இறக்கிய எண்ணிக்கையின் வரிசைப்படி அடுக்கிக் காட்டியபோது இந்த இழுப்பு இன்னும் கூடியது. உயரத்தில் இருந்தது இன்னும் உயர்ந்தது, யார் உயர்வார் என்பதும் இன்னும் கணிக்க முடியாததானது.

ஆனால் முழுக்க லொத்தரும் இல்லை. யாரும் சொல்லாமலே பலருக்குப் பிடித்த பாட்டுகள் எந்த உலகத்திலும் அடியில் கிடப்பது அரிது. யாருக்கும் பிடிக்காதவை உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் உள்ளவைக்கு எதுவும் நடக்கலாம். (இங்கே 'தரம்' என்றால் எண்ணைப் பார்க்காதவர்கள் தாங்களாக விரும்பியது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இசை தெரிந்தவர் வேறு அளவு சொல்லக்கூடும்.) பிறகு வந்த இன்னொரு சோதனையில் எண்களைக் கள்ளத்தனமாகத் தலைகீழாக்கினார்கள், அடியில் இருந்தது உச்சியில் இருப்பதுபோலக் காட்டினார்கள். பெரும்பாலான பாட்டுகள் அந்தப் பொய்யின்படியே நடந்தன. மிகச் சிறந்த சில மட்டும் நாளடைவில் மெல்ல மேலே ஏறி வந்தன.

எங்கள் சண்டைக்கு இதில் கிடைப்பது இதுதான். விற்பனை ஒரு வாசல்காவல். மிக மோசமானதைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தும். உள்ளே வந்தவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. இரண்டு குழுக்களை 'எதிரிகள்' என்று நாங்கள் ஒப்பிடுகிறோம் என்றாலே இரண்டும் வாசலைத் தாண்டி வந்தவைதான். எண் எந்த இடத்தில் ஊமையோ அந்த இடத்தில்தான் எல்லோரும் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

நிர்வாணாவையும் பேர்ள் ஜாமையும் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ரொக் குழுக்கள், ஒரே காலம். 1993 செப்டெம்பரில் வந்த நிர்வாணா அல்பம் முதல் வாரம் சுமார் 180,000. அடுத்த மாதம் வந்த பேர்ள் ஜாம் அல்பம் முதல் வாரம் சுமார் 950,000. ஐந்து மடங்கு. பேர்ள் ஜாம் ஐந்து மடங்கு திறம் என்று பேர்ள் ஜாம் வெறியன்கூடச் சொல்லமாட்டான். நிர்வாணா வேண்டுமென்றே கரடுமுரடான ஒலியைத் தேடி ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் போயிருந்தது. அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடைகள் இரண்டு அந்த அல்பத்தை முதலில் விற்கவே மறுத்தன. மறுபக்கம் பேர்ள் ஜாம் அந்த அல்பத்துக்கு வீடியோவே எடுக்கவில்லை. அவர்களை வியாபாரக் குழு என்று நிர்வாணாவின் பாடகர் கேர்ட் கோபேன் ஒருகாலத்தில் ஏளனம் செய்திருந்தார்; அடுத்த ஆண்டு ரிக்கெற் விலைக்காக டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு மோதி நட்டப்பட்டதும் அதே 'வியாபாரக் குழு'தான். இதற்கெல்லாம் இரண்டு ஆண்டு முன்பு, 1991இல், நிர்வாணாவின் 'நெவர்மைன்ட்' அல்பத்துக்கு அமெரிக்காவில் முதலில் அனுப்பிய பிரதிகள் 46 ஆயிரத்துச் சொச்சம். நிறுவனத்தின் எதிர்பார்ப்பே அவ்வளவுதான். நான்கு மாதத்தில் அது மைக்கல் ஜாக்சனை முதலிடத்திலிருந்து இறக்கியது.

எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கையும் ஒன்று உண்டு, கொழும்பில் அது இன்னும் பலம். விற்றால் தரமில்லை என்பது. தொண்ணூறுகளில் பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டியில் கறுப்பு ரீசேர்ட் போட்டுக்கொண்டு நின்ற பெடியளுக்கு 1991இல் வந்த மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டை அல்பம் ஒரு துரோகம், 'வித்துப்போட்டாங்கள்' என்பார்கள். சவுண்ட்ஸ்கேன் கணக்குத் தொடங்கிய பிறகு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற அல்பம் அது. வேகத்தைக் குறைத்தார்கள், பாட்டைச் சுருக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கிற்றார் ஒலியைப் போல ஒன்றை எடுக்க ஒரு தலைமுறை ஒலிப்பதிவாளர்கள் முயன்றார்கள் என்பதும் உண்மை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் 1967இல் முதல் அல்பத்தோடு பில்போர்ட்டில் 171ஐத் தாண்டி ஏறவில்லை, பிறகு எத்தனையோ குழுக்களுக்குத் தாயானது என்று சொல்லி இந்த ஆட்கள் தங்கள் வாதத்தை முடிப்பார்கள். சரி. அந்த ஆண்டில் 171க்குக் கீழே கிடந்த மற்றவர்களில் எத்தனை பேரை இன்றைக்கு யாருக்காவது ஞாபகம்? விற்காமல் போவதற்கும் தரத்துக்கும் சம்பந்தம் அவ்வளவுதான். தெஹிவளை கொன்கோர்ட்டில் ஓடாத கமல் படமெல்லாம் நல்ல படம் என்று நம்பிய ஒரு சித்தப்பா எங்கள் வீட்டிலும் இருந்தார்.

இனி எங்கள் ஊர்க் குழுக்கள். இங்கே 'வியாபார வெற்றி' என்ற சொல்லே வேறு பொருளில் நிற்கிறது. அல்பம் விற்றுப் பிழைத்த குழு கொழும்பில் குறைவு. கசெற் காலத்தில் பதிவுக் கடைகள், பிறகு புறக்கோட்டை நடைபாதைச் சீடிகள், இப்போது யூடியூப். குழுவுக்குச் சோறு போடுவது கல்யாணம், ஹோட்டல் மேடை, டிசெம்பர் 31 இரவு. ஆறு மணித்தியாலம் நின்று பழைய ஆங்கிலப் பாட்டு, இந்திப் பாட்டு, இரண்டு தமிழ்ப் பாட்டு, கடைசியில் விடாமல் பைலா. மாப்பிள்ளையின் மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆட வந்தால் அடுத்த புக்கிங் நிச்சயம். அதைச் செய்வது லேசான வேலை என்று நினைப்பவர் ஒரு நாள் கிற்றாரோடு நின்று பார்க்கட்டும். அந்த வாத்தியக்காரர்களில் சிலருடைய கைக்கு உலகத்தில் எங்கும் மரியாதை கிடைக்கும். ஆனால் சொந்தப் பாட்டுக்கு அந்த மேடையில் இடமில்லை. ஸ்டிக்மாட்டா போன்ற ஒரு கொழும்பு மெட்டல் குழு இருபது ஆண்டுக்கு மேலாகச் சொந்தப் பாட்டை, அதுவும் ஆங்கிலத்தில், பாடிக்கொண்டு நிற்கிறது. அவர்களையும் கல்யாணக் குழுவையும் வருமானத்தால் ஒப்பிடுவது கடலில் மீன் பிடிப்பவரையும் முத்துக் குளிப்பவரையும் கூடையின் எடையால் ஒப்பிடுவதுதான்.

மொழியும் ஒரு கோபுரம். எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தபோது வீட்டுப் பெரியவர்கள் ஏ.ஈ. மனோகரனா நித்தி கனகரத்தினமா என்று மோதிக்கொண்டார்கள். மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்த பைலா. கடலைத் தாண்டிப் போய் இந்திய மொழிகள் பலவற்றில் அலைந்தது. அவரும் சென்னைக்குப் போய் 'சிலோன் மனோகர்' ஆகிச் சினிமாவில் நடித்தார். 2018 ஜனவரியில் அங்கேயே காலமானார். நித்தியின் 'சின்ன மாமியே' அப்படி ஊர் ஊராகப் போகவில்லை. அதில் உள்ள பேச்சு யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு. அதன் பகிடி கேட்பவனுக்கு அந்த முற்றம் தெரிந்திருந்தால்தான் முழுதாகப் பிடிபடும். எங்கள் ஆட்களின் கொண்டாட்டத்தில் எதைப் போட்டால் கிழவரும் எழும்புவார் என்று கேட்டால் நான் நித்தியின் பக்கம்தான் காசு வைப்பேன். எது கூட விற்றது என்று கேட்டால் பதில் மாறும்.

அப்படியானால் எண்ணையே பார்க்காமல் விடுவதா? நான் பார்க்கிறேன், ஆனால் முதல் வாரத்தை விட்டுவிடுவேன். முதல் வாரம் சுவரொட்டிக்கும் சண்டைக்கும் விலைக்கழிவுக்கும் உரியது. விளம்பரக்காரர் வீட்டுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்குப் பிறகும் யாரோ ஒருவர் தேடிக் கேட்கிறார் என்றால் அந்த எண்ணில் கொஞ்சம் பாட்டும் இருக்கிறது. அதிலும் கலப்படம் உண்டு. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் நாங்கள் கேட்டதெல்லாம் அங்கே கணக்கில் இல்லை. 30 விநாடி ஓடினால் ஒரு தரம் கேட்டதாக எண்ணுகிறது அந்தச் செயலி. கேட்டவர் தேடிப் போட்டாரா, தானாக வந்து விழுந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. இன்னொரு பக்கம், மற்ற வாத்தியக்காரர் எதை எடுத்துப் பழகுகிறார்கள் என்பதை நான் எண்ணைவிட நம்புவேன். கொழும்பில் ஒரு பெடியன் கிற்றார் வாங்கினால் முதல் மாதத்தில் அவன் விரல் எந்தப் பாட்டுக்குப் போகிறது என்று கவனியுங்கள். அப்படிப் பார்த்தால் ஒயேசிஸின் 'வொன்டர்வோல்' என் வாதத்தைப் பல தடவை தோற்கடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் பிளர் பாட்டு வாசிக்க வந்த பெடியன் இன்னும் ஒருவனும் இல்லை.

மச்சான் இப்போது ரொறன்ரோவில். 2025 ஆகஸ்டில் ஒயேசிஸ் அங்கே இரண்டு இரவு வாசித்தது. ரிக்கெற்றுக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன். மனிசிக்குச் சொன்ன விலையைத்தான் எனக்கும் சொன்னான். விடிய எழும்பிப் பார்த்தால் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. கடைசிப் பாட்டு, எங்கள் கசெற்றில் அறுந்துபோன அதே பாட்டு. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பாடுகிறார்கள், மச்சானின் குரல்தான் எல்லோரிலும் உரத்து, சுருதி இல்லாமல். மூன்றாவது நிமிடத்தில் வீடியோ நின்றுவிட்டது. கீழே எழுதியிருந்தான்: "போன்ல சார்ஜ் முடிஞ்சுது மச்சான். மிச்சத்த நீ பாடு."